பிரதி எடுத்தாயிற்று, இனி இடிக்கலாமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிஸ் புறநகர் ஒன்றில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் கூட்டம் நடந்தது. ஞாயிறு இரவு எங்கள் றெஸ்ரோறன்ட் பூட்டு என்பதால் நானும் போனேன். வழக்கமான கூட்டந்தான். வாசலில் ரோல்சும் தேத்தண்ணியும், முன்வரிசையில் சால்வை போட்டவர்கள், பின்வரிசையில் ரெலிபோனைத் தடவிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். ஊர்க்கோயிலை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பதுதான் விடயம். ஐந்து நிலை இராஜகோபுரம், கொங்கிறீற் மண்டபம், இந்தியாவிலிருந்து சிற்பிகள். குடும்பத்துக்கு ஐந்நூறு ஈரோ.

பழைய கோயில் எப்படிப்பட்டதென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொழிந்த வெள்ளைக்கல்லில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய சுவர். ஓட்டுக்கூரை. பனை வளையும் சிலாகையும். நூற்றைம்பது வருடமாவது இருக்கும் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். பெரிய சிற்பமெதுவும் கிடையாது. சுற்றுலாப் பயணி எவரும் போட்டோ எடுக்க வரமாட்டார். ஆனால் மத்தியானத்தில் உள்ளே போனால் குளிரும். புதிய கொங்கிறீற் கோயில்களுக்குள் மின்விசிறி இல்லாமல் பத்து நிமிடம் நிற்க முடியாது என்பது ஊருக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

யாராவது எதிர்த்துப் பேசக்கூடும் என்று சங்கத்தார் எதிர்பார்த்திருக்கிறார்கள் போலும். அதற்கு ஒரு மருந்தும் கொண்டு வந்திருந்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த, நல்ல கெட்டிக்காரத் தம்பி ஒருவன் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ட்ரோனாலும் ரெலிபோனாலும் கோயிலைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, கொம்பியூட்டரில் முப்பரிமாண உருவமாக ஆக்கியிருந்தான். கண்ணில் மாட்டுகிற கறுப்புப் பெட்டி ஒன்றை வரிசையாக எல்லோருக்கும் மாட்டிவிட்டான். மாட்டினால் கோயிலுக்குள் நிற்கிறோம். தலையைத் திருப்பினால் கோயிலும் திரும்புகிறது.

வயதான அம்மா ஒருவர் மாட்டினார். முப்பத்தைந்து வருடமாக ஊருக்குப் போகாதவர். தூணைப் பிடிப்பதற்குக் கையை நீட்டினார். பக்கத்தில் நின்றவரின் தோள்தான் அகப்பட்டது. பெட்டியைக் கழற்றியபோது அழுதுகொண்டிருந்தார். மண்டபமே அமைதியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பாத்தீங்கள்தானே? பழசு எங்கையும் போகாது. கொம்பியூட்டருக்குள்ள பத்திரமா இருக்கும். நோத்ர்தாம் எரிஞ்ச பிறகு இப்பிடி எடுத்து வச்சதை வச்சுத்தானே திருப்பிக் கட்டினவங்கள்? பிறகென்ன? இனிப் பயமில்லாமல் வேலையைத் தொடங்கலாம்."

கை தட்டினார்கள். நானும் அன்றைக்கு ஐம்பது ஈரோ கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். மறுக்கத் துணிவில்லை. மெற்றோவில் வரும்போதுதான் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் எழுதுவது இது.

*

நான் பொறியியலாளன் அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போய் இரண்டாம் வருடத்தோடு நாட்டைவிட்டு வெளியேறியவன். பழைய மடமொன்றை அளவு நாடாவும் நூலும் கொண்டு அளந்து கடதாசியில் கீறிய ஒரு வார அனுபவம் உண்டு. அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாகப் பரிஸ் ஐந்தாம் வட்டாரத்தில் ஒரு குசினியில் வேலை. கோப்பை கழுவத் தொடங்கி இப்போது அடுப்படிக்கு வந்திருக்கிறேன். ஆனால் நோத்ர்தாமைப் பற்றித் தலைவரைவிட எனக்குக் கொஞ்சம் கூடத் தெரியும். அது எரியும்போது பார்த்தவன் நான்.

2019 ஏப்ரல் 15, திங்கட்கிழமை. பின்னேரம் குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். வெளியில் சனம் ஓடுகிற சத்தம். முதலாளியே வந்து கூப்பிட்டார். ஏப்ரனோடு தூர்னெல் பாலத்துக்கு ஓடினேன். கூரை முழுவதும் நெருப்பு. எட்டு மணிக்குச் சற்று முன்னர் அந்த ஊசிக்கோபுரம் சாய்ந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரக் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் 1981 ஐ நினைத்தேன். யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது நான் பிறக்கவில்லை. என்றாலும் நினைத்தேன்.

அந்தத் தேவாலயத்தை அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் ஆன்ட்ரூ டாலன் 2010 ஆம் ஆண்டு லேசர் கருவியால் அளந்து வைத்திருந்தார் என்பது உண்மை. முக்காலியில் நிற்கும் கருவி ஒளிக்கற்றையை அனுப்பும். அது சுவரில் பட்டுத் திரும்பும். அதைக்கொண்டு தூரத்தைக் கணக்கிடும். ஒவ்வொரு அளவும் ஒரு புள்ளி. ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி அவர் நூறு கோடிக்கும் அதிகமான புள்ளிகளைச் சேர்த்தார். மேற்குப் பக்கத்துத் தூண்கள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பதைக்கூட அந்தப் புள்ளிகள் காட்டிக் கொடுத்தன. எண்ணூறு வருடத்துக்கு முன்னர் கட்டியவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பது வரை அதில் தெரிந்தது. டாலன் 2018 நவம்பரில் காலமானார். நெருப்பைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

சரி. இனித் தலைவரின் கேள்விக்கு வருவோம். அந்தப் புள்ளிகளா தேவாலயத்தைத் திருப்பிக் கட்டின?

எரிந்த கூரையின் மரச்சட்டகத்தை றெமி ஃப்ரோமோன், செட்றிக் த்ரொன்தேசோ என்ற இரண்டு கட்டடக்கலைஞர்கள் 2014 இல் கூரைக்குள் ஏறி, மரம் மரமாக, இணைப்பு இணைப்பாக அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். எந்த மரத்தில் என்ன வெட்டு, எந்த ஆப்பு, எது பதின்மூன்றாம் நூற்றாண்டு, எது பிறகு மாற்றியது என்றெல்லாம் கூர்ந்து பார்த்த வரைவு அது. எரிந்த பிறகு ஃப்ரோமோன் மீள்கட்டுமானத்தின் பொறுப்புக் கட்டடக்கலைஞர்களில் ஒருவராக இருந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஓக் மரங்கள் வெட்டப்பட்டன. தச்சர்கள் பழைய முறைப்படி கோடரியால் பச்சை மரத்தைச் செதுக்கினார்கள். 150 நாடுகளிலிருந்து 340,000 பேர் கொடுத்த 846 மில்லியன் ஈரோ. இத்தனையும் சேர்ந்துதான் 2024 டிசம்பரில் கதவு திறந்தது. லேசர் அளவுகளும் கொம்பியூட்டர் உருவங்களும் பெரிய துணை. வளைவுகள் நெருப்பில் எவ்வளவு அசைந்தன, எது எங்கே பொருந்த வேண்டும் என்று பார்க்க அவை உதவின. ஆனால் கோடரி பிடிக்கத் தெரிந்த தச்சன் இல்லாவிட்டால் நூறு கோடிப் புள்ளியும் நூறு கோடிப் புள்ளியாகவே கிடந்திருக்கும். எங்கள் ஊரில் சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த மேசன் எத்தனை பேர் மிச்சம்? சங்கத்தின் கூட்டத்தில் இந்தக் கேள்வி வரவில்லை.

இன்னொன்று. கூட்டத்தில் ஒருவர், கொம்பியூட்டர் விளையாட்டில் இருந்த நோத்ர்தாமைப் பார்த்துத்தான் கட்டினார்கள் என்று உறுதியாகச் சொன்னார். 'அசாசின்ஸ் கிறீட் யூனிட்டி' என்ற அந்த விளையாட்டு 2014 இல் வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பரிஸ் என்று அதில் காட்டுகிறார்கள். அதில் நிற்கும் ஊசிக்கோபுரமோ வியோலெ-லெ-டுக் 1859 இல் முடித்த கோபுரத்தின் சாயல். புரட்சிக்கு எழுபது வருடம் பிந்தியது! விளையாடுகிறவனுக்கு அது வசதி. அதை வைத்துத் தேவாலயம் கட்ட முடியாது. அந்த நிறுவனமே அது அளந்தெடுத்த பிரதியல்ல என்று சொல்லிவிட்டது. ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சொன்னால் கேட்கமாட்டார்கள். திரையில் வடிவாகத் தெரிந்தால் அது உண்மை.

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். நோத்ர்தாமை அளந்தவர்கள், அது தொடர்ந்து நிற்பதற்காக அளந்தார்கள். அளந்து முடிந்தது, இனிக் கொளுத்தலாம் என்று எவரும் நெருப்புப்பெட்டியை எடுக்கவில்லை. எங்கள் சங்கத்தார் செய்ய நினைப்பது அதைத்தான். விபத்துக்குப் போட்ட காப்புறுதியைக் காட்டி வீட்டுக்குத் தாங்களே தீ வைக்கப் பார்க்கிறார்கள்.

*

நானும் அந்தப் பெட்டியை மாட்டிப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

வாசல் வந்தது. தூண்கள் வந்தன. உள்ளே போகப் போக உருவம் மெழுகு உருகியதுபோல் இருந்தது. இருட்டில் எடுத்த படங்களுக்கு அப்படித்தான் ஆகும். ஒரே இடத்தைப் பல பக்கத்திலிருந்து எடுத்த போட்டோக்களை ஒப்பிட்டுத்தான் கொம்பியூட்டர் ஆழத்தைக் கணக்கிடுகிறது. வெளிச்சம் போதாவிட்டால், வெறும் வெள்ளைச் சுவராக இருந்தால், ஒப்பிடுவதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை. மூலஸ்தானத்துக்குள் ஐயர் விடவில்லையாம். அது சரிதான், விடமாட்டார். ஆனபடியால் மூலஸ்தானம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு ஓட்டை. முழுக் கோயிலும் "பத்திரமாக" இருக்கிறது என்றார்களே, கோயிலின் நடுவே ஓட்டை!

தம்பியிடம் கேட்டேன்: "நிலத்தில ஏதாவது ஒரு தூரத்தை நாடா பிடிச்சு அளந்தனீரோ?"

"இல்லை அண்ணா. ட்ரோனில ஜிபிஎஸ் இருக்குத்தானே."

சாதாரண ட்ரோனின் ஜிபிஎஸ் மீற்றர் கணக்கில் பிழைக்கக்கூடியது. போட்டோவிலிருந்து செய்யும் உருவத்துக்குத் தானாக அளவு கிடையாது. நீங்கள் ஒரு தூரத்தை அளந்து கொடுத்தால்தான் அது எத்தனை அடிச் சுவர் என்று அதற்குத் தெரியும். இல்லாவிட்டால் அது கோயிலாகவும் இருக்கலாம், கொலுப்பொம்மையாகவும் இருக்கலாம். இந்தக் கோப்பை வைத்து நாளைக்கு ஒரு மேசன் ஒரு கல்லைக்கூடச் சரியான இடத்தில் வைக்க முடியாது. தம்பியில் எனக்குக் குறையில்லை. அவன் ஆசையோடு செய்தான், ஒரு காலைப்பொழுதில் செய்தான். அதைத் தூக்கி இடிப்பதற்கான அனுமதிப் பத்திரமாக ஆக்கியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிறகு நான் தலையைத் திருப்பி, தேர்முட்டிப் பக்கம், வேப்பமரத்தடியைத் தேடினேன். அங்கே ஒரு கல்லிருக்கிறது. சப்பாணிக் கல் என்று சொல்வோம். என்னுடைய அப்பப்பா திருவிழாவுக்குப் போனால் அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கந்தான் நிற்பார். அதற்கு அப்பால் எங்கள் ஆட்கள் போக விடப்படவில்லை. ஏன் என்று வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தபோது அப்பப்பாவுக்கு முப்பது வயது. அந்தப் போராட்டத்தின் பிறகும் சில வருடம் கழித்தே எங்கள் ஊரில் வாசல் திறந்தது. திறந்த பிறகும் அப்பப்பா உள்ளே போகவில்லை. அந்தக் கல்லடியிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வருவார். பழக்கம் என்பார். பழக்கமா, கோபமா என்று நான் கேட்டதில்லை.

பெட்டிக்குள் அந்தக் கல் இல்லை. வேம்பும் இல்லை. வெளிவீதியின் அரைவாசியோடு உலகம் முடிந்து, பிறகு சாம்பல் நிறம்.

"தேர்முட்டிப் பக்கம் எங்க தம்பி?"

"அது வெட்டிப்போட்டன் அண்ணா. ஃபைல் சைஸ் கூடிப் போச்சு. தேவையில்லாத இடந்தானே. மரமும் கல்லும்."

அவனுக்குத் தெரியாது. இங்கே பிறந்த பிள்ளை, எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. தெரியாமலே அந்தப் பழைய கோட்டை அதே இடத்தில் திரும்பவும் போட்டுவிட்டான். ஆனால் முன்வரிசையில் சால்வையோடு இருந்தவர்களுக்குத் தெரியும். இந்த உருவத்தைப் பலமுறை பார்த்துத்தான் கூட்டத்துக்குக் கொண்டு வந்தார்கள். ஒருவருக்கும் குறை தோன்றவில்லை.

இதனால்தான் சிலர் என்னைப் பார்த்து, "உங்கட ஆக்களை உள்ள விடாத கோயில் இடிஞ்சால் உனக்கென்னடாப்பா?" என்று கேட்பது எனக்கு விளங்கவில்லை. எனக்குத்தான் அது நிற்க வேண்டும். அந்தச் சுவரும் அந்தக் கல்லும் என்னுடைய குடும்பத்தின் சாட்சி. புதிய கோயிலில் பளிங்கு பதிப்பார்கள், வெளிவீதிக்குச் சீமெந்துக் கல் போடுவார்கள், உபயகாரரின் பெயரைப் பொன் எழுத்தில் வெட்டுவார்கள். பிறகு, "எங்கட ஊரில அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை" என்று சொல்வது சுலபம்.

*

இப்படியொரு சங்கதி உலகில் எங்களுக்கு மட்டுமே நடப்பதில்லை. சிரியாவின் பல்மீராவில் இருந்த உரோமர் காலத்து வெற்றி வளைவை 2015 ஒக்ரோபரில் ஐ.எஸ். இயக்கத்தினர் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். ஆறு மாதத்தில், 2016 ஏப்ரலில், லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் அதன் பிரதியொன்று எழுந்தது. போட்டோக்களிலிருந்து கொம்பியூட்டரில் உருவம் செய்து, இத்தாலியில் இயந்திரங்களால் பளிங்கில் குடைந்தது. உண்மையானதில் மூன்றில் இரண்டு பங்கு அளவு. லண்டன் மேயர் திரை விலக்கினார். பிறகு நியூயோர்க் போனது, டுபாய் போனது. அதே வருடம் சிரிய அகதிகள் கலே முகாமில் சேற்றுக்குள் கிடந்தார்கள். ஒக்ரோபரில் அந்த முகாமையும் கலைத்தார்கள். வளைவிடம் எவரும் விசா கேட்கவில்லை. எந்தப் பொலிசும் அதன் கைரேகையை எடுக்கவில்லை. கல்லாகப் பிறந்திருக்கலாம் என்று நினைக்க வைக்கிற உலகம் இது. அதிலும் கல்லின் பிரதியாக.

ஆனால் அதே பல்மீராவை, எவரும் காசும் கவனமும் கொடுப்பதற்கு முன்னரே, போட்டோ எடுத்து முப்பரிமாணத்தில் உருவாக்கிக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. பாசெல் கார்தபில். சிரியாவில் வளர்ந்த பலஸ்தீன வழியினர், கொம்பியூட்டர்காரர். 2005 ஆம் ஆண்டிலேயே அந்த வேலையைத் தொடங்கினார். 2012 மார்ச்சில் அசாத்தின் அரசு அவரைப் பிடித்தது. 2015 இல் கொன்றது. மனைவிக்கு அது உறுதியாகத் தெரிய 2017 ஆயிற்று. அவருடைய உருவங்களை நண்பர்கள் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டார்கள். ட்ரஃபால்கர் சதுக்கத்து வளைவைப் போட்டோ எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? பல்மீராவின் தொல்லியலாளர் காலித் அல்-அசாத் எண்பது வயது தாண்டியவர். 2015 ஓகஸ்டில் அந்த இயக்கம் அவரின் தலையை வெட்டியது. கல்லைக் காப்பவனைக் கொல்வார்கள், பிறகு கல்லின் பொம்மைக்குக் கை தட்டுவார்கள்.

நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். பாமியான் புத்தர் சிலைகளை 2001 மார்ச்சில் தாலிபான்கள் தகர்த்த பிறகு, சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்மின் குறூன் குழுவினர், 1970 இல் றொபேட் கொஸ்ட்கா என்ற ஒஸ்திரியப் பேராசிரியர் எடுத்து வைத்திருந்த அளவைப் படங்களைக் கொண்டு பெரிய புத்தரின் உருவத்தை மீட்டார்கள். முப்பது வருடத்துக்கு முன்னர் ஒரு மனிதன் கவனமாக எடுத்த சில படங்கள். அதற்கு நான் தலை வணங்குகிறேன். அழித்தவன் எதை அழித்தான் என்று மடி மடியாகக் காட்டுகிற சாட்சி அது.

"நூலகம்" எண்ணிம நூலகத்தை நீ ஆதரிக்கிறாய், கோயிலைப் பிரதி எடுத்தால் மட்டும் ஏன் கொதிக்கிறாய் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 2005 இலிருந்து அவர்கள் செய்து வரும் வேலையால் இன்றைக்கு நான் வேலைக்குப் போகும் மெற்றோவிலேயே, யாழ்ப்பாணத்தில் கண்ணால் கூடக் காணாத பழைய சஞ்சிகைகளை வாசிக்கிறேன். ஆனால் புத்தகத்தைப் பிரதி எடுத்தால் வருவது புத்தகந்தான். எழுத்து எழுத்தாகவே வருகிறது. வாசித்தால் அது தன்னுடைய வேலையைச் செய்கிறது. கட்டடத்தின் வேலை வேறு. மழைக்கு ஒதுங்க வேண்டும், மத்தியானம் படுக்க வேண்டும், அரசமரத்து நிழல் சுவரில் விழ வேண்டும், நாலு பேர் சண்டை பிடிக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் மண்டபத்தில் ஒரு நாய் கூடப் படுக்க முடியாது.

அதிலும் இந்தக் கோப்புகள் கல்லைவிட நெடுங்காலம் இருக்கும் என்று எவர் சொன்னது? இங்கிலாந்தில் 1086 இல் எழுதிய டூம்ஸ்டே நிலப்பதிவேடு தோலில் எழுதியது. இன்றும் வாசிக்கலாம். அதன் 900 ஆம் ஆண்டு நிறைவுக்காக 1986 இல் பிபிசி புதிய டூம்ஸ்டே ஒன்றைக் கொம்பியூட்டருக்கென லேசர்த் தட்டில் செய்தது. பதினைந்து வருடத்துக்குள் அந்தத் தட்டை வாசிக்கும் இயந்திரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. நிபுணர்கள் மினக்கெட்டுத்தான் அதை மீட்டார்கள். பிபிசிக்கே அந்த நிலை. எங்கள் ஊர்க்கோயில் எங்கே இருக்கிறது? ஒரு தம்பியின் மடிக்கணினியில். அவன் அடுத்த வருடம் கனடாவுக்குப் போகிறானாம்.

*

எதிர்வாதம் எனக்குத் தெரியும். அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல.

சுவர் வெடித்திருக்கிறது, கூரை ஒழுகுகிறது, சனத்தின் தலையில் விழுந்தால் நீயா பதில் சொல்வாய் என்கிறார்கள். வெடித்திருப்பது உண்மை. ஏன் வெடித்தது? போன திருப்பணியில், அதுவும் எங்கள் வெளிநாட்டுக் காசில், சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசி, அதற்கு மேல் எண்ணெய்ப் பெயின்ற் அடித்தார்கள். வெள்ளைக்கல்லும் சுண்ணாம்பும் மூச்சு விடுகிற சுவர். நிலத்து ஈரம் ஏறும், வெளியே போகும். சீமெந்து அதை அடைத்துவிடும். ஈரம் உள்ளே நின்று உப்பைக் கொண்டு வந்து கல்லையே மாவாக்கும். "சுவர் வேர்க்குது" என்கிறார்களே, அது நாங்கள் போட்ட றெயின்கோட்டுக்குள் வேர்க்கிறது. அன்றைக்கு அழகுபடுத்தினோம், அதனால் பழுதாயிற்று, பழுதானபடியால் இன்றைக்கு இடிக்கிறோம். காசு மட்டும் இரண்டு தரமும் எங்களுடையது.

இங்கேதான் அந்தக் கருவிக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஒழுங்கான லேசர்க் கருவியால் இன்றைக்கு ஒரு தடவை, மாரி முடிய இன்னொரு தடவை அளந்து இரண்டையும் ஒப்பிட்டால், எந்தச் சுவர் எத்தனை மில்லிமீற்றர் அசைந்தது, எது அசையாமல் நிற்கிறது என்று தெரியும். அசையும் சுவரைத் திருத்தலாம். மற்றதை விடலாம். இடிப்பதற்கு முன் கடைசிப் போட்டோ எடுக்கவென்று ஒருவரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவித்தால் கோயிலையே பிடுங்கிக்கொள்வார்கள் என்று இன்னொரு பயம். குருந்தூர்மலையையும் வெடுக்குநாறியையும் பார்த்த எங்களுக்கு அந்தப் பயம் வீண் பயமல்ல. போதாததற்கு, இலங்கையின் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முந்தியதைத்தான் தானாகவே தொல்சின்னமாகக் கொள்கிறது. போர்த்துக்கேயர் இடித்தவற்றுக்குப் பின்னால் எழுந்த எங்கள் சின்னக் கோயில்களும் மடங்களும் கேணிகளும் நாற்சார் வீடுகளும் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. ஆக, அரசு காக்காது. காக்க வந்தாலும் நம்ப முடியாது. அப்படியென்றால் காக்க வேண்டியது யார்? இந்தக் கேள்விக்கு, "நாங்களே இடித்து விடுகிறோம்" என்பது என்ன பதில்? 1621 இல் நல்லூரை இடித்த போர்த்துக்கேயத் தளபதியை இன்றும் திட்டுகிறோம். அவனுக்காவது அது எதிரியின் கோயில்.

யாழ்ப்பாண நூலகத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1981 மே 31 இரவு தொடங்கி எரித்தார்கள். 97,000 நூல்களும் சுவடிகளும். எரிந்த சுவர்களை அப்படியே சாட்சியாக நிற்க விட வேண்டும் என்று ஒரு பகுதியினர் வாதாடினார்கள். அது எடுபடவில்லை. இன்றைக்கு வெள்ளையாக, அழகாக நிற்கிறது. பிள்ளைகள் படிக்கிறார்கள். அது நல்லது. ஆனால் அந்தச் சுவரைப் பார்த்து, இங்கே நெருப்பு வைத்தார்கள் என்று எவராலும் அறிய முடியாது. எரிந்த கரியோடு நின்ற காலத்தில் அந்தச் சுவர்களை அளந்து வைத்திருந்தால், கட்டடத்தையும் திருத்தியிருக்கலாம், குற்றத்தையும் பத்திரப்படுத்தியிருக்கலாம். அளவெடுப்பதன் உச்சமான பயன் எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான். பெட்டியை மாட்டி அழுவதற்கு வேண்டிய அளவு எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

*

ஆகவே சங்கத்தாருக்குச் சில வார்த்தைகள். உங்கள் அடுத்த கூட்டத்துக்கும் நான் வருவேன்.

இடிக்கும் வேலையை நிறுத்துங்கள். சேர்த்த காசில் ஒரு பங்கை எடுத்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் ஒருவரைத் தேடுங்கள். யாழ்ப்பாணத்தில் இன்னும் சிலர் இருப்பார்கள், வயது போய்விட்டது, அவர்களோடு நாலு இளம் பெடியன்களை விடுங்கள். அளக்கத் தெரிந்தவர்களைக் கொண்டு ஒழுங்காக அளவெடுங்கள். நாடா பிடித்து, திகதி போட்டு, வெடிப்பையும் சேர்த்து. மூலஸ்தானத்தை ஐயரின் சொற்படி விடுங்கள். விட்டோம் என்று எழுதி வையுங்கள். கோப்பை ஒரு மடிக்கணினியில் பூட்டாமல், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்று, பல்கலைக்கழகத்தில் ஒன்று, இங்கே ஒன்று என்று வையுங்கள். ஊரிலிருக்கும் சனத்திடம், கோயிலுக்குப் பிந்தி வந்து பின்னால் நிற்கிற சனத்திடமும், என்ன வேண்டுமென்று கேளுங்கள். புதுக் கோயில்தான் வேண்டுமென்று அவர்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னால், நான் வாயை மூடிக்கொள்கிறேன். இதுவரை கேட்டது உபயகாரரை மட்டுந்தான்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் அல்பங்களை எடுத்துப் பாருங்கள். கலியாணப் படங்களிலும் சாமத்தியப் படங்களிலும் ஆட்களுக்குப் பின்னால் ஒரு சுவர், ஒரு மடம், ஒரு கேணிப்படி நிற்கும். எங்கே, எந்த வருடம், எவர் எடுத்தது என்று பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் போகிறார்கள்.

கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது தம்பியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். வெட்டிய பகுதியின் படங்களை அழித்துவிட்டீரா என்று. இல்லையாம், எடுத்த படங்கள் எல்லாம் வேறொரு தட்டில் அப்படியே இருக்கின்றனவாம். வேப்பமரம், தேர்முட்டி, அந்தக் கல், எல்லாம். ஏன் கேட்கிறீர்கள் என்றான். அப்பப்பாவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு, "திருப்பிச் சேர்க்கலாம் அண்ணா, ஒரு இரவு வேலைதான்" என்றான்.

சேர்த்துக்கொண்டு வரட்டும். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெட்டியை முதலில் முன்வரிசைக்கு மாட்டுவோம். சால்வை போட்டவர்கள் அந்தக் கல்லடியில் நின்று கோயிலைப் பார்க்கட்டும். அதன் பிறகு இடிப்பதைப் பற்றிப் பேசலாம்.